பாட்டு, வழக்கு, பகை: லனாவோ ஏரிக்கரை மரனாவோ மக்கள்



சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிலிப்பினோ அறிஞர் ஒருவர் உண்டு. ஹுவான் ஆர். பிரான்சிஸ்கோ என்று பெயர். வடமொழி படித்தவர், பிலிப்பைன்ஸ் தீவுகளில் இந்தியத் தொடர்பின் தடங்களைத் தேடியவர். மிண்டனாவோ தீவின் லனாவோ ஏரிக்கரையில் வாழும் மரனாவோ என்ற முஸ்லிம் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த ஒரு கதை 1960களின் இறுதியில் அவருக்குக் கிடைத்தது. கதையின் பெயர் ‘மகராடியா லவானா’. மகாராஜா இராவணன்தான், வேறு யாருமில்லை.

1969இல் அவர் அதை மொழிபெயர்த்து வெளியிட்டார். கம்பனைப் படித்தவர்களுக்கு அந்தக் கதை சிரிப்பையும் வியப்பையும் ஒருசேரக் கொடுக்கும். பல தலை கொண்ட லவானா ஒரு சுல்தானின் மகன். ஊரில் வம்பு வளர்க்கிறான் என்று தந்தையே அவனைத் தீவு ஒன்றுக்கு விரட்டிவிடுகிறார். அங்கே அவன் தன்னைத் தீயால் வருத்திக்கொள்ள, வானவர் ஜிப்ரயீல் வழியாக இறைவனின் வரம் வந்து சேர்கிறது: அவனுடைய அரண்மனையிலேயே கிடக்கும் சாணைக்கல்லில் தீட்டிய ஆயுதத்தைத் தவிர வேறெதனாலும் அவனுக்குச் சாவில்லை. வில்லை முறிக்கும் போட்டி இந்தக் கதையில் கிடையாது. பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து இளவரசியின் மாடத்துக்குள் விழச் செய்பவனே மணமகன். இராமன் இடத்தில் ராடியா மங்காந்திரி, தம்பியின் இடத்தில் ராடியா மங்காவர்ணா. லக்சமானா என்ற பெயரோ குரங்குக்குப் போய்விட்டது; இலக்குவன் பெயரை வைத்துக்கொண்டு அனுமன் வேலையைப் பார்க்கிறது அந்தக் குரங்கு.

இரவல் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மலாய் மொழியின் இராம கதைகளோடு இதற்கு உறவு உண்டு என்பதைப் பிரான்சிஸ்கோவே காட்டினார். ஆனால் சுல்தானும் ஜிப்ரயீலும் பிரம்புப் பந்தும் அந்தக் கரையின் சொந்தச் சரக்கு. வெளியிலிருந்து எது வந்தாலும் அதை வீட்டு வேலைக்குப் பழக்கிவிடுவது மரனாவோ மக்களின் இயல்பு. இந்த உரை அந்த இயல்பைப் பற்றியது.

லனாவோ பிலிப்பைன்ஸின் இரண்டாவது பெரிய ஏரி. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அது பிறந்த கதையை மரனாவோ முதியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் அந்த இடத்தில் மந்தாபோலி என்றொரு நாடு இருந்தது. மக்கள் தொகை பெருகிப் பெருகி, உலகத்தின் நிறையே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற நிலை. ஜிப்ரயீல் போய் முறையிட, வானவர் படை வந்து மந்தாபோலியை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. பெயர்த்த பள்ளத்தில் நீர் நிறைந்தது. கரை உடைந்து ஊர்களெல்லாம் மூழ்கிவிடும் போலிருந்தது. அப்போது பெருங்காற்றுகளை ஏவி ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டினார்கள். அதுதான் ஆகுஸ் ஆறு. இன்றும் ஏரியின் நீர் அந்த வழியாகத்தான், மரியா கிறிஸ்தினா அருவியாக விழுந்து, இலிகான் விரிகுடாவைச் சேர்கிறது.

ஏரியைச் சுற்றி ஒரே அரசு என்றும் இருந்ததில்லை. பயாபாவ், மசியு, உனாயன், பலோய் என்று நான்கு கூட்டரசுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல சுல்தான்கள். இந்தச் சிதறலே அவர்களுக்கு ஒருவகைக் காப்பாகவும் இருந்தது. ஒரு தலைநகரைப் பிடித்தால் வேலை முடிந்தது என்று எந்தப் படையும் திரும்ப முடியவில்லை. 1639இல் ஸ்பானியர்கள் ஏரிக்கரைக்கு ஏறினார்கள். நிலைக்க முடியாமல் இறங்கினார்கள். பிறகு அவர்கள் பெரும்படையோடு வந்தது 1891இலும் 1895இலும்தான். மராவியின் கோட்டையைக் காத்து 1895இல் மடிந்த அமாய் பக்பக் பெயரில் இன்று அந்நகரில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. ஸ்பானியர் போய் அமெரிக்கர் வந்தபோது, 1902 மே 2 அன்று பயாங்கில் மறுபடியும் கடும்போர். அன்று அந்த ஊர்ச் சுல்தானும் களத்தில் மாண்டார். 1935இல், வரப்போகும் பிலிப்பைன்ஸ் குடியரசில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட மரனாவோ தலைவர்கள் அமெரிக்க அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அன்று தான்சாலன் என்றிருந்த ஊரின் பெயர் 1956இல் மராவி ஆயிற்று.

இனி மரபுக்கு வருவோம். மரனாவோ மரபில் எது தழைத்தது, எது தேய்ந்தது என்று அறிய ஒரு கேள்வி போதும்: அதற்கு இன்னும் வேலை இருக்கிறதா?

முதலில் பாட்டு. ‘தராங்கென்’ என்பது மரனாவோ மக்களின் பெருங்காப்பியம். 17 பகுதிகள், 72,000 அடிகள். இஸ்லாம் அங்கு வருவதற்கு முன்பே இருந்தது. இஸ்லாம் வந்த பின்னும் தொடர்ந்தது. 2005இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. காப்பியத்தின் முதன்மை வீரன் பந்துகான், பும்பாரன் நாட்டு இளவரசன். அவனுடைய வீழ்ச்சி எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் மதாலி அரசன். தம்பியின் வீரத்தையும், பெண்கள் அவனைக் கண்டு மயங்குவதையும் பார்த்து அவனுக்குப் பொறாமை. கொல்லவில்லை, சிறையில் தள்ளவில்லை. தம்பியோடு யாரும் பேசக் கூடாது என்று ஆணையிடுகிறான், அவ்வளவுதான். அந்த அவமதிப்பைத் தாங்க முடியாமல் பந்துகான் நாட்டைவிட்டே போகிறான். அலைந்து நோயுற்று, இரு கடல்களுக்கு நடுவிலுள்ள நாட்டில் அரண்மனை வாசலில் விழுந்து இறக்கிறான். செத்தவன் யாரென்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. ஒரு கிளி பறந்து போய்ப் பும்பாரனுக்குச் செய்தி சொல்கிறது. மதாலி கதறி அழுது, விண்ணுலகம் சென்று தம்பியின் உயிரை மீட்டு வருகிறான்.

பேச்சை நிறுத்துவதே உயிரைக் குடிக்கும் தண்டனை என்று ஒரு காப்பியம் சொல்கிறதென்றால், அந்தச் சமூகத்தில் மானத்துக்கு என்ன விலை என்பது விளங்கும். மரனாவோ மக்கள் அதை ‘மரதாபாத்’ என்கிறார்கள். தன்மானம், குடிப்பெருமை, பதவி மரியாதை எல்லாம் அதில் அடங்கும்.

தராங்கெனைப் பாடுகிறவரை ‘ஓனோர்’ என்பார்கள். ஆண்களும் பாடுவார்கள், பெண்களும் பாடுவார்கள். திருமண விழாக்களில் இரவு இரவாகப் பாட்டு நடக்கும். குரல் மட்டும் இருந்தால் போதாது. பல்லாயிரம் அடிகள் நினைவில் நிற்க வேண்டும். அவையில் இருப்பவர்களின் குலவரிசை தெரிய வேண்டும். எந்த வழக்கத்துக்கு எந்த நிகழ்ச்சி சான்று என்பதும் தெரிய வேண்டும். ஏனென்றால், வழக்கு ஒன்று வந்தால் மூத்தோர் இன்றும் இந்தக் காப்பியத்தை எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொல்வதுண்டு. இலக்கியமாகவும் சட்டப் புத்தகமாகவும் ஒரே நூல் இருந்தால், அதை மறப்பது எளிதல்ல.

அப்படியும் மறதி வந்தது. பழஞ்சொல் நிறைந்த மொழி இளையோருக்குப் புரிவதில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து கேட்கப் பொறுமையும் இல்லை. நல்லவேளையாக, எழுத்தில் ஏற்றும் முயற்சி முன்பே தொடங்கிவிட்டது. சில குடும்பங்கள் அரபு எழுத்தில் தாங்களே எழுதிவைத்திருந்தன. தான்சாலனில் வாழ்ந்த அமெரிக்க மதபோதகர் பிராங்க் லாபாக் 1930இல் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். படித்த ஒருவர் படிக்காத ஒருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற எழுத்தறிவு இயக்கத்தால் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். அந்த முறையை அவர் கண்டெடுத்ததே மரனாவோ மக்களிடையே பணியாற்றியபோதுதான். பிறகு மராவியில் அமைந்த மிண்டனாவோ அரசுப் பல்கலைக்கழகம், கன்னியாஸ்திரி டெலியா கொரோனெல் தலைமையில், மூலமும் மொழிபெயர்ப்புமாகத் தராங்கெனை எட்டுத் தொகுதிகளில் பதிப்பித்தது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஒருவர், முஸ்லிம் பாடகர்களிடமிருந்து, இஸ்லாத்துக்கு முந்திய காப்பியத்தைத் தொகுத்தார் என்பது பிலிப்பைன்ஸ் வரலாற்றின் சுவையான பக்கங்களில் ஒன்று.

பாட்டுக்கு அடுத்தது குலவரிசை. ‘சல்சிலா’ என்று பெயர். இன்னாருக்கு இன்னார் மகன், இன்ன சுல்தானின் கிளையில் வந்தவர் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கொண்டு போகும் ஏடு. பட்டத்துக்கு உரிமை கோருகிறவர் இதைச் சொல்லியாக வேண்டும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் பகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மரதாபாத்துக்கு இழுக்கு வந்தால் குடும்பங்களுக்கிடையே மூளும் பழிவாங்கல் ‘ரிடோ’. நிலத் தகராறு, தேர்தல், ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு, எதிலிருந்தும் தொடங்கலாம். ஒருவர் செய்த குற்றத்துக்கு உறவினர் எவர்மேலும் பழி விழலாம் என்பதால் அது தலைமுறை கடந்தும் நீளும். வில்பிரெடோ டோரஸ் தொகுத்து 2007இல் வெளிவந்த ஆய்வு, 1930கள் முதல் 2005 வரை மிண்டனாவோ பகுதியில் 1,266 ரிடோக்களைக் கணக்கிட்டது. 5,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். மாகாணங்களில் முதலிடம் லனாவோ தெல் சூருக்கு: 377. மரனாவோ மரபைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. காப்பியத்தை வாழவைத்த அதே மானம்தான் இந்தக் கொலைகளையும் வாழவைத்தது.

பகையைத் தீர்க்கும் வழியும் அதே மரபிலிருந்துதான் வருகிறது. நடுவர்கள் இரு குடும்பத்துச் சல்சிலாவையும் விரித்து, எந்தத் தலைமுறையில் இருவருக்கும் பொதுப் பாட்டன் இருக்கிறார் என்று தேடுவார்கள். கிடைத்துவிட்டால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. அடிப்பவனும் அடிபடுபவனும் ஒரே இரத்தம் என்று சொல்லி அமர்த்தலாம். பிறகு உயிருக்கு ஈட்டுத்தொகை, இரு தரப்பும் சேர்ந்து உண்ணும் கந்தூரி.

வேலை போன பின் மரபு என்ன ஆகும் என்பதற்கு வீடுகளே சாட்சி. சுல்தான் வாழ்ந்த பெருமனைக்குத் ‘தோரோகான்’ என்று பெயர். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மரத்தூண்கள். அவற்றை மண்ணில் புதைக்காமல் உருண்டைப் பாறைகளின் மேல் நிறுத்தியிருப்பார்கள். நிலநடுக்கம் வந்தால் தூண் பாறைமேல் சற்றே அசைந்து கொடுக்கும், முறியாது. தளத்தின் உத்தரங்கள் முன்பக்கம் சுவரைத் தாண்டி நீண்டு, படகின் முகப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதற்குப் ‘பனோலோங்’ என்று பெயர். அதில் நாகமும், சுருண்ட பெரணித் தளிரும் செதுக்கிச் சாயம் தீட்டியிருக்கும். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடம். திருமணம், முடிசூட்டு, வழக்கு விசாரணை, தராங்கென் பாட்டு எல்லாம் அங்கேதான். இளவரசிக்கு மட்டும் தனி மாடம். லவானா கதையில் பந்து போய் விழுந்தது அத்தகைய மாடத்தில்தான்.

இவ்வளவு பெரிய வீட்டை எழுப்ப ஊரே உழைத்தது. அடிமைகளின் உழைப்பும் அதில் இருந்தது. அடிமை முறை ஒழிந்தது, சுல்தான்களின் அதிகாரம் சுருங்கியது, குடும்பங்கள் சிமென்ட் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தோரோகான்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மரந்தாவ் ஊரில் புபோங் பகுதியிலுள்ள கவாயன் தோரோகானைப் பிலிப்பைன்ஸ் அரசு 2008இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

வீட்டோடு செதுக்குக் கலை அழிந்துவிடவில்லை. அந்த வேலைப்பாட்டுக்கு ‘ஓகிர்’ என்று பெயர். ஆண்கள் மரத்திலும் உலோகத்திலும் போடும் ஓகிரில் கொடிகள் நெளிந்தோடும். பெண்கள் தறியில் போடும் ஓகிர் கட்டங்களும் கோணங்களுமாக இருக்கும். ஏரியின் மேற்குக் கரையிலுள்ள துகாயா ஊரில் தெருவுக்குத் தெரு இந்த வேலைதான். பித்தளைச் சாமான் வார்ப்பவர் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார். மெழுகின் மேலேயே கத்தியால் கொடியும் இலையும் செதுக்கி, அதன்மேல் மென்களிமண் பூசி, காயவைத்து, பிறகு கரடான மண் அப்புகிறார். சூட்டில் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய பித்தளை இறங்குகிறது. ஆறியபின் மண்ணை உடைத்தால் சாமான் கிடைக்கும், அச்சு போய்விடும். ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. மூடியிட்ட பெரிய ஜாடி, வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு புகையிலைக்குத் தனித்தனி அறை வைத்த பெட்டி, கைம்மணி எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் சீரில் பித்தளைச் சாமான்களுக்கு இன்றும் இடம் உண்டு. துகாயாவின் உலைகள் அணையாமலிருப்பதற்கு அதுதான் காரணம்.

பெண்களின் கைவேலை ‘மலோங்’ துணியில் தெரியும். இரு முனையும் தைத்த கைலியைப் போன்றது. ஆனால் கழுத்தளவுக்கு நீளமானது. இடுப்பில் சுற்றினால் உடை, தோளில் போட்டால் மேலாடை, கயிற்றில் கட்டினால் தூளி, படுத்தால் போர்வை, இறந்தால் உடலை மூடும் துணி. துணிகளை இணைக்கும் இடத்தில் ‘லங்கித்’ என்ற பட்டையைத் தைப்பார்கள். சிறு தறியில் பல நிற நூலால் நெய்யப்படும் அந்தப் பட்டைதான் மலோங்கின் மதிப்பைக் கூட்டுகிறது. மஞ்சள் நிறம் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கே உரியது.

இசையில் நடந்தது வேறு கதை. ‘கோலிந்தாங்’ என்பது எட்டுக் குமிழ் மணிகளை வரிசையாக அடுக்கி இரு கோலால் வாசிக்கும் கருவி. அதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உஸோபாய் காதார் என்ற மரனாவோ கலைஞர் இதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்பித்தார். மறுபக்கம், மணிலாவின் பயானிஹான் நடனக் குழு மரனாவோ நடனம் ‘சிங்கிலை’ உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. நிலநடுக்கத்தில் காட்டில் சிக்கிய இளவரசி, விழும் மரங்களுக்கு நடுவே அடி பிசகாமல் நடந்த தராங்கென் காட்சிதான் அதன் கரு. தட்டித் தட்டி மூடும் மூங்கில்களுக்கிடையே காலை எடுத்து எடுத்து வைப்பார்கள். மேடைக்காக இளவரசனைச் சேர்த்தார்கள், அடிமைப் பெண்ணைச் சேர்த்தார்கள், வேகத்தைக் கூட்டினார்கள். பிலிப்பைன்ஸ் முழுவதும் இன்று பள்ளி விழாக்களில் ஆடப்படுவது அந்த மேடை வடிவம்தான். பெண்கள் மட்டும் நிதானமாக ஆடிய எங்கள் நடனம் இதுவல்ல என்று மரனாவோ தரப்பில் மனக்குறை நெடுநாளாக உண்டு.

சமையலறைக்கு மேடை தேவைப்படவில்லை. சாகுராப் என்ற சிறுவகை வெங்காயத்தின் வெண்பகுதி, இஞ்சி, காரமான மிளகாய் மூன்றையும் உரலில் இடித்து, வறுத்த தேங்காய்த் துருவல் சேர்த்து வதக்கினால் ‘பலாபா’. அது இல்லாமல் மரனாவோ வீட்டில் சாப்பாடு இறங்காது. கோழியில் போட்டு, தேங்காயும் மஞ்சளும் சேர்த்தால் ‘பியாபரான்’. மஞ்சளிட்ட சோறு இல்லாமல் விருந்து இல்லை.

ஏரி மட்டும் பழைய ஏரியாக இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டையின மீன்கள் அங்கே இருந்தன. 1960களில் தவறுதலாக வந்து சேர்ந்த வெளியூர் மீன், அளவு கடந்த மீன்பிடி, ஆகுஸ் ஆற்றின் மின்திட்டங்கள் என்று அவை அழிந்ததற்குப் பல காரணம். 2020இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அவற்றில் 15 வகைகள் அற்றுப்போய்விட்டதாக அறிவித்தது.

பிறகு 2017. மே 23 அன்று ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் கூறிய ஆயுதக் குழுக்கள் மராவிக்குள் புகுந்தன. ஐந்து மாதம் தெருத் தெருவாகச் சண்டை, வான்வழிக் குண்டுவீச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்து அலைந்தனர். நகரின் வணிக மையமான 24 வட்டாரங்கள் இடிபாடாயின. குடும்பக் கோலிந்தாங்குகள், பாட்டி நெய்த லங்கித் மலோங்குகள், சல்சிலா ஏடுகள் எரிந்தன, களவு போயின. மிண்டனாவோ அரசுப் பல்கலைக்கழக வளாகம் போர்முனைக்கு வெளியே இருந்ததால் தப்பியது. சண்டை ஓய்வதற்கு முன்பே, அந்த ஆகஸ்டிலேயே அங்கே வகுப்புகள் மீண்டும் தொடங்கின.

2022இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வீடு, கடை ஆகியவற்றோடு பண்பாட்டுக் கட்டிடங்களுக்கும் அது ஈடு தருகிறது. ஆனால் இழப்பீடு பெற வேண்டுமானால் இடம் தன்னுடையது என்று காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். மராவியின் பெரும்பகுதி 1953 முதல் இராணுவ ஒதுக்கு நிலமாக அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் பட்டா இல்லை. இருந்த சில காகிதங்களும் தீயில் போயின. ஒரே மனையை இரு குடும்பங்கள் கோரும்போது, எந்தக் கிளைக்கு எந்தப் பாட்டன் எந்தத் துண்டைக் கொடுத்தார் என்ற கேள்வி மறுபடியும் மூத்தோர் முன் வருகிறது. அவர்கள் குலவரிசையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஏடு எரிந்துபோன குடும்பங்களுக்கு, அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பதுதான் இப்போது முதல் விசாரணை.